முழங்கால் மூட்டு மாற்று: யாருக்கு, எப்போது, எவ்வளவு பலன்?

"எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றிவிடலாம்" என்கிறார் ஒரு மருத்துவர். அதே எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "இன்னும் சில வருடம் தள்ளிப் போடலாமே" என்கிறார் இன்னொருவர். வலியோடு அலையும் குடும்பம் இருவரில் ஒருவருக்குத் தொழில் தெரியவில்லை என்றோ, ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார் என்றோ நினைத்துக்கொள்கிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த முரண் எலும்பு மருத்துவத் துறைக்குள்ளேயே அரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. தேய்ந்த முழங்காலை எந்தக் கட்டத்தில் அறுவைக்குக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு பத்தாண்டும் தன் கையில் இருந்த கருவியையும் தரவையும் வைத்து ஒரு பதில் சொன்னது. பழைய பதில்கள் மறையவில்லை. இன்றைய ஆலோசனை அறைகளில் அவை அருகருகே ஒலிக்கின்றன.

தந்தத்தில் தொடங்கிய கதை

1890-இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக், காசநோயால் அழிந்த முழங்கால்களில் தந்தத்தால் செய்த கீல் மூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார். சீழ் பிடித்து அந்த முயற்சி நின்றது. 1950களில் சுவீடனின் வால்டியஸ் போன்றோர் மீண்டும் கீல் வகை மூட்டுகளைச் செய்தார்கள். அதன் குறை அமைப்பிலேயே இருந்தது. கீல் ஒரே அச்சில்தான் மடங்கும். முழங்காலோ மடங்கும்போதே உருளும், சறுக்கும், சற்றுத் திரும்பவும் செய்யும். அந்தத் திருகு விசை முழுவதும் எலும்பில் இறங்கியதால் பொருத்திய மூட்டு தளர்ந்துபோனது.

1968-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடியான ஜான் சார்ன்லியிடம் பணியாற்றிய கனடியர் ஃபிராங்க் கன்ஸ்டன், கீல் இல்லாத மூட்டைப் பொருத்தினார். 1974-இல் நியூயார்க்கில் இன்சால், ரனாவத், வாக்கர் மூவரும் உருவாக்கிய வடிவமே இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் மூலம். தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே உலோக உறை, கீழே உலோகத் தட்டு, நடுவே பாலிஎதிலீன் பட்டை. பக்கவாட்டு ஜவ்வுகள் நோயாளியுடையவையே. அந்த மூவரில் ஒருவரான இந்திய வம்சாவளி மருத்துவர் சித்தரஞ்சன் ரனாவத்தான், 2000-இலும் 2001-இலும் மும்பையில் அன்றைய பிரதமர் வாஜ்பாயின் இரு முழங்கால்களையும் மாற்றினார். இந்த அறுவையின் பெயர் இந்தியக் குடும்பங்களின் பேச்சுக்குள் வந்ததில் அந்த நிகழ்வுக்குப் பங்கு உண்டு என்று கருதலாம்.

'முடிந்தவரை தள்ளிப் போடு'

முதல் நிலைப்பாடு இது. தொடக்ககால மூட்டுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தளர்ந்தன. மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது, எலும்பு இழப்பு அதிகம், பலன் குறைவு. ஆகவே நோயாளியின் ஆயுளும் மூட்டின் ஆயுளும் ஏறத்தாழ ஒன்றாக முடியும்படி காலத்தைக் கணிக்க வேண்டும் என்பது அன்றைய ஞாயம். 'அறுபது வயதுக்கு முன் வேண்டாம்' என்ற பேச்சும் இதிலிருந்து வந்ததே.

இந்த ஞாயத்தின் அடித்தளம் இப்போது பெருமளவு மாறிவிட்டது. தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன. அதே இதழில் 2017-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் பயனுள்ளது. எழுபதைத் தாண்டியபின் அறுவை செய்தவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களுக்கு அது 35 விழுக்காடு வரை போகிறது. அதாவது 52 வயதுக்காரரிடம் 'பொறுங்கள்' என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. 72 வயதுக்காரரிடம் அதே காரணத்தைச் சொல்ல முடியாது.

தள்ளிப் போடுவதற்கும் விலை இருக்கிறது. 1999-இல் மான்ட்ரியல், பாஸ்டன் நகரங்களில் நடந்த ஆய்வு, அறுவைக்கு முன் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் அறுவைக்குப் பிறகும் மற்றவர்களை எட்டிப்பிடிக்கவில்லை என்று காட்டியது. காத்திருக்கும் ஆண்டுகளில் தொடைத் தசை மெலிகிறது, கால் வில்லாக வளைகிறது, முழங்கால் நீட்ட முடியாமல் பாதி மடிந்தே நின்றுவிடுகிறது. தினமும் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கிறது. நம் வீடுகளில் பல நேரம் இது யோசித்து எடுத்த முடிவாகக்கூட இருப்பதில்லை. பேத்தி கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நாள் போகிறது. முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். 'ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டை யார் பார்ப்பது' என்று தள்ளிப் போடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

'தாமதிக்காதே'

எதிர் நிலைப்பாடு, மூட்டுகளின் ஆயுள் கூடியதும் எழுந்தது. 1975-இல் சுவீடன் தொடங்கிய முழங்கால் பதிவேடும் பின்னர் வந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் பதிவேடுகளும் தந்த நம்பிக்கை அதன் பின்னே நின்றது. தசை கெடுவதற்கு முன், கால் வளைவதற்கு முன் செய்துவிட்டால் பலன் கூடும் என்பது வாதம்.

அதன் பலவீனமும் தரவிலேயே இருக்கிறது. 2014-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஏற்கப்பட்ட தகுதி விதிகளை வைத்துப் பார்த்தபோது, நடந்த அறுவைகளில் மூன்றில் ஒரு பங்கு பொருத்தமற்றவை என்று வகைப்படுத்தியது. எக்ஸ்ரேயில் தேய்மானம் லேசாக இருக்கும்போதே செய்துகொண்டவர்களிடம் அதிருப்தி அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. குறைவாகக் கெட்ட மூட்டை மாற்றினால் கிடைக்கும் லாபமும் குறைவு. வலி, தொற்று, செலவு ஆகிய இழப்புகளோ குறைவதில்லை.

2020-இல் வந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு இரு தரப்பையும் சங்கடப்படுத்தியது. அறுவையால் பலன் பெறக்கூடியவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் கால்வாசிப் பேர் அவசரப்பட்டிருந்தார்கள். ஒரே சமூகத்தில், ஒரே காலத்தில், இரண்டு தவறுகளும் சேர்ந்தே நடக்கின்றன. 'சீக்கிரமா, தாமதமா' என்று பொதுவாக விவாதிப்பதில் பயனில்லை, எதிரே இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

படம் எதைச் சொல்கிறது?

தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957-இல் கெல்கிரென், லாரன்ஸ் இருவரும் வகுத்தார்கள். 'நாலாவது ஸ்டேஜ்' என்று நம் ஊரில் சொல்லப்படுவது அதைத்தான். அந்த எண் மூட்டின் இடைவெளியையும் எலும்பு முளைப்பையும் சொல்லும். வலியைச் சொல்லாது. நாலாம் தரப் படத்தோடு மாடிப்படி ஏறி இறங்குபவர்கள் உண்டு. இரண்டாம் தரத்தில் இரவெல்லாம் தூங்காதவர்களும் உண்டு.

படத்தை எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உடல் எடை மூட்டில் இறங்காது. தேய்ந்த மூட்டிலும் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். நிற்கவைத்து எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் முதுகெலும்பு நரம்பு அழுத்தமும் முழங்கால் வலியாக வெளிப்படுவதுண்டு. அவற்றைச் சோதிக்காமல் முழங்காலை மாற்றினால் வலி அப்படியே இருக்கும்.

கத்தி இல்லாத வழி எவ்வளவு தூரம் போகும்?

மூன்றாவது நிலைப்பாடு, உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் முதலில், அறுவை கடைசியில் என்பது. இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு 2015-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. அறுவைக்குத் தகுதியான 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவையும் அதன்பின் 12 வாரப் பயிற்சியும். மறு பிரிவுக்குப் பயிற்சி, உணவு ஆலோசனை, காலணி அட்டை, வலி மருந்து மட்டும். ஓராண்டில் அறுவைப் பிரிவின் முன்னேற்றம் ஏறத்தாழ இரு மடங்கு: 32.5 புள்ளிக்கு எதிராக 16. ஆனால் கடுமையான பக்க விளைவுகள் அறுவைப் பிரிவில் 24, மற்றதில் 6. பயிற்சிப் பிரிவில் நான்கில் மூன்று பங்கினர் அந்த ஓராண்டில் அறுவைக்குப் போகவே இல்லை.

இந்த ஒரே ஆய்வை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகின்றன. இரண்டு வாசிப்பும் தவறில்லை. அதிக நிவாரணம் வேண்டுமென்றால் அறுவை. குறைந்த ஆபத்தில் ஓரளவு நிவாரணம் போதும் என்றால் பயிற்சி. மிகக் கடுமையான வலி இருந்தவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை, உடலில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து காட்டினார்கள். 2024-இல் வெளியான செமாகுளுடைடு ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களின் எடை சராசரியாக 13.7 விழுக்காடு குறைந்தது. முழங்கால் வலியும் போலி ஊசிப் பிரிவைவிடத் தெளிவாகக் குறைந்தது. மருந்தை நிறுத்தியபின் அந்தப் பலன் நிற்குமா, அறுவையின் தேவை எவ்வளவு தள்ளிப்போகும் என்பது இனிமேல்தான் தெரியவர வேண்டும்.

ஊசிகளைப் பற்றி அதிக நம்பிக்கை தருவதற்கில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசியை இரண்டு ஆண்டு போட்ட 2017 ஆய்வில் வலியில் வேறுபாடு இல்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகக் கரைந்தது. சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பிளாஸ்மா ஊசி, 2021-இல் 288 பேரிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வில் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. 2023-இல் ஸ்டெம் செல் ஊசி ஸ்டீராய்டை வெல்லவில்லை. நுண்துளை வழியே மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை, 2002-இலேயே போலி அறுவைக்குச் சமம் என்று நிறுவப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் 'ஆபரேஷன் இல்லாமல் மூட்டு வளரும்' என்ற விளம்பரப் பலகைகள் நம் நகரங்களில் நிற்கின்றன. வலியில் இருப்பவரின் ஆசையை வைத்து நடக்கும் இந்த வணிகத்தை மருத்துவ அமைப்புகள் இன்னும் உரக்கக் கண்டிக்க வேண்டும்.

முழுதா, பாதியா, ரோபோவா?

உட்பக்கம் மட்டும் தேய்ந்து, ஜவ்வுகள் நன்றாக இருந்தால் பாதி மூட்டு மட்டும் மாற்றலாம். பிரிட்டனில் 528 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் இரண்டும் ஏறத்தாழ சமம். பாதி மாற்று செலவு குறைவு, குணமாவதும் விரைவு. ஆனால் 25 ஆண்டுக் கணக்கில் அது தாங்கும் அளவு சுமார் 70 விழுக்காடு. ரோபோவின் உதவி, திட்டமிட்ட கோணத்தில் எலும்பை வெட்டுவதில் துல்லியம் கூட்டுகிறது. நோயாளி உணரும் பலனில் அந்தத் துல்லியம் பெரிதாகத் தெரிவதாக இதுவரை உறுதிப்படவில்லை. இயந்திரத்தைக் கேட்பதைவிட, அந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை மூட்டு மாற்றுகிறார் என்று கேட்பது நல்லது. இரு கால்களையும் ஒரே நாளில் செய்வது இந்தியாவில் பரவலான வழக்கம். ஒரே மயக்கம், ஒரே படுக்கைக்காலம் என்பது அதன் வசதி. இதய, நுரையீரல் சிக்கல்கள் கூடும் என்பதால் இதய நோய் உள்ள முதியவர்களுக்கு அது உகந்ததாகத் தோன்றவில்லை.

தரையில் உட்காரும் முழங்கால்

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் நாற்காலியில் வாழும் சமூகங்களில் நடந்தவை. படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் முழங்கால் நூறு டிகிரி அளவுக்கு மடங்கினால் ஏறத்தாழப் போதும். சப்பணமிடவும் குத்தவைத்து உட்காரவும் 111 முதல் 165 டிகிரி வரை வேண்டும் என்று ஆசிய, மேற்காசிய வாழ்முறையை அலசிய 2001 ஆய்வு கணித்தது. மாற்றிய மூட்டு பொதுவாக 110 முதல் 120 வரை மடங்கும். கூடுதலாக மடங்கும் என்று விற்கப்பட்ட 'ஹை ஃபிளெக்ஸ்' வகை, ஒப்பாய்வுகளில் குறிப்பிடத்தக்க மேன்மை எதையும் காட்டவில்லை. அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ அதுவே பின்னர் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

எனவே 'இனிமேல் தரையில் உட்காராதீர்கள், வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துக்கொள்ளுங்கள்' என்பதே வழக்கமான அறிவுரை. ஓர் அலுவலருக்கு இது சின்ன மாற்றம். நடவுக்குப் போகிறவர், பூ கட்டுகிறவர், அடுப்பும் அம்மியும் தரையில் இருக்கும் வீட்டுக்காரர் ஆகியோருக்குப் பிழைப்பையே மாற்றச் சொல்வது. பலனை அளக்க உலகெங்கும் பயன்படும் 'வோமேக்' வினாப்பட்டியல் காரில் ஏறி இறங்குவதைப் பற்றிக் கேட்கிறது, குளியல் தொட்டியைப் பற்றியும் கேட்கிறது. சப்பணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. அந்த அளவுகோலில் வெற்றி என்று பதிவாகும் ஓர் அறுவை, பந்தியில் உட்கார முடியாத ஒருவருக்கு எப்படிப் படும் என்பது அந்த எண்ணில் வராது.

செலவின் பக்கம் ஒரு நல்ல மாற்றம் நடந்தது. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயாக இறங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை செய்யப்படுகிறது. பணம் ஒரு தடையாக இருந்த காலத்தைவிட, முடிவெடுக்கும் பொறுப்பு இப்போது நோயாளியிடம் அதிகம் வந்திருக்கிறது.

அறுவைக்குப் பின்

மேசையில் நடப்பது ஒன்றரை அல்லது இரண்டு மணி நேர வேலை. மூட்டு வசப்படுவது அடுத்த சில மாதங்களில். முன்பெல்லாம் வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருந்தார்கள். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் முன்வைத்த விரைவு மீட்பு முறை அதை மாற்றியது. இன்று அன்றே அல்லது மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைக்கிறார்கள். ரத்தக்கட்டைத் தவிர்க்கவும் அது உதவுகிறது.

வீட்டுக்கு வந்ததும் நடக்கும் ஒரு சிறு தவறைச் சொல்ல வேண்டும். வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிறார்கள். வைத்தவுடன் இதமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு மடிந்த நிலையிலேயே ஆறத் தொடங்கும். ஐந்து, பத்து டிகிரி நீட்ட முடியாமல் போனாலே நடை நொண்டும், தொடை சீக்கிரம் களைக்கும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையில் தாழும்படி விடுவதே முறை. எல்லாரும் 'எவ்வளவு மடக்குகிறாய்' என்று கேட்கிறார்கள். முதல் ஆறு வாரத்தில் 'முழுதாக நீட்டுகிறாயா' என்ற கேள்வி அதற்குக் குறைந்ததல்ல.

முதல் இரண்டு வாரம் வலி கடுமையானது, குறிப்பாக இரவில். வீக்கமும் கணுக்கால் வரை இறங்கும் கருநீலமும் வழக்கம். மூட்டின் சூடு மாதக்கணக்கில் இருக்கும். தழும்பின் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் இடம் மரத்துப்போவது தோலின் சிறு நரம்பு வெட்டுப்படுவதால்; பலருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயம் ஆறுமுன் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது வேண்டாம்.

முதல் மாத முடிவில் தொடை முன்தசையின் வலு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மீட்பின் பெரும் பகுதி இந்தத் தசையைத் திரும்பக் கட்டுவதுதான். இதில் ஆய்வுகள் ஓர் ஆறுதலைத் தருகின்றன. காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரத்தால் சொல்லத்தக்க பலன் இல்லை என்று காக்ரேன் தொகுப்பாய்வு முடிவு செய்தது. 165 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து நாள் மறுவாழ்வு மையத்தில் தங்கியவர்கள் வீட்டிலேயே முறையாகப் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாக நடக்கவில்லை. ஒழுங்காகக் கற்றுக்கொடுத்து, வீட்டில் ஒருவர் கூடவே நின்று செய்யவைத்தால் போதும். பொதுவாக ஆறு வாரத்தில் கைத்தடி போதும் என்றாகும். மூன்று மாதத்தில் பெரும்பாலான வேலைகளுக்குத் திரும்பலாம். முன்னேற்றம் ஓராண்டு வரை தொடரும். மூன்று மாதமாகியும் மடங்காத காலை, மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவதுண்டு.

வலி போகாத ஐந்தில் ஒருவர்

2010-இல் கனடாவின் ஒன்டேரியோவில் 1,703 பேரிடம் கேட்டதில் 19 விழுக்காட்டினர் திருப்தியில்லை என்றனர். 2012-இல் வந்த தொகுப்பாய்வும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீடித்த வலி இருப்பதாகக் கணித்தது. சிலருக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரைத் தாக்கும் தொற்று காரணம். சிலருக்கு மூட்டின் தளர்வு. பலருக்கு எந்தக் கோளாறும் தென்படுவதில்லை. உடலெங்கும் முன்பே வலி இருந்தவர்கள், மன அழுத்தம் உள்ளவர்கள், பழைய கால் அப்படியே திரும்பும் என்று எதிர்பார்த்தவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். 2022-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு, மூன்றாம் மாதமே வலியைக் கவனித்து உரிய பிரிவுகளுக்கு அனுப்பினால் ஓரளவு குறைகிறது என்று காட்டியது. அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லாமல் விடுவது நேர்மையான மருத்துவம் ஆகாது.

இன்னும் தீராதவை

யாருக்கு வலி போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான கருவி இல்லை. உடல் எடைக்கு வரம்பு வேண்டுமா என்பதில் ஒருமிப்பு இல்லை. அமெரிக்காவில் பல மருத்துவர்கள் பருமன் குறியீடு 40-ஐ எல்லையாக வைக்கிறார்கள். பிரிட்டனின் 2022 வழிகாட்டி, எடையைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த அளவுவரை என்பதில் உண்டு.

இருக்கும் சான்றுகளை எடை போட்டால் இவ்வளவு சொல்லலாம். ஓய்விலும் இரவிலும் வலி, நடக்கும் தூரம் சுருங்கிக்கொண்டே வருவது, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்த பயிற்சி பலன் தராதது, நிற்கவைத்து எடுத்த படத்தில் இடைவெளி அறவே இல்லாதது ஆகிய நான்கும் சேர்ந்தவருக்கு அறுவையின் பக்கம் சான்று வலுவாக நிற்கிறது. படம் லேசாகவும் வலி விட்டுவிட்டும் இருப்பவருக்கு அந்த வலு இல்லை. நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்துக்கு, அந்தக் கால் எதைச் செய்தாக வேண்டும் என்று அவர்களே சொல்லும் பதில்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். தரையில் வாழ்கிறவர்களைப் பற்றிய தரவு மட்டும் நம்மிடமிருந்துதான் வர முடியும். காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் ஒவ்வோர் அறுவைக்கும் அரசிடம் கணக்கு இருக்கிறது. ஓராண்டு கழித்து அந்த நோயாளிகளை அழைத்து, வலி இருக்கிறதா, படி ஏறுகிறீர்களா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று மூன்று கேள்வி கேட்டுப் பதிந்து வெளியிடும் ஏற்பாட்டை மக்கள் நல்வாழ்வுத் துறை தொடங்க வேண்டும்.